பெருமைக்கு வாரிசு, கடனுக்கு யார்?

ஒருவர் இறந்துபோகிறார். அவர் விட்டுச் சென்ற வீடும் நிலமும் கடையும் பிள்ளைகளின் கைக்கு வருமுன் நிறைவேற்றப்பட வேண்டிய காரியங்கள் சில உள்ளன. அடக்கச் செலவு முதலாவது. அவர் பட்டிருந்த கடன் இரண்டாவது. மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அவர் மொழிந்து சென்ற வஸிய்யத்து மூன்றாவது. இவையெல்லாம் போக எஞ்சுவதே வாரிசுகளுக்கு உரியது. நம் இல்லங்களில் பாகப்பிரிவினை நடக்கக் கண்டவர்கள் இந்த வரிசையை நன்கறிவர். கடன்காரர் வாசலில் நிற்கையில் உள்ளே அமர்ந்து நகையை நிறுத்துப் பங்கிடும் பிள்ளைகளை ஊர் மதிப்பதில்லை.

இந்த நீதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விட்டுச் சென்ற சொத்தைவிடக் கடன் மிகுதியாயின், அந்த மிகுதியைத் தம் சொந்த உழைப்பிலிருந்து கொடுக்குமாறு பிள்ளைகள் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. மனமுவந்து கொடுத்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. அதாவது, கடன் மகனின் தலையில் எழுதப்பட்டதன்று. தகப்பனின் சொத்தின்மீது எழுதப்பட்டது. சொத்தைத் தொடுகிறவன் கடனையும் தொடுகிறான்.

பொருளைப் பொறுத்தவரை இவ்வளவு தெளிவாக நிற்கும் நீதி, புகழைப் பொறுத்தவரை ஏனோ மங்கிவிடுகிறது. முன்னோரின் வீரம், கல்வி, கொடை ஆகியவற்றைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்கிறோம். அதே முன்னோரின் கொடுமை, பொய், கோழைத்தனம் ஆகியவை எடுத்துரைக்கப்பட்டால் ‘அது அந்தக் காலம், அவர்கள் யாரோ’ என்கிறோம். பெருமையின் கணக்கில் மட்டும் கடனை ஒதுக்கிவிட்டுச் சொத்தை எடுத்துக்கொள்ளலாமா? இதுவே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினாவைக் குடும்பங்களையோ நாடுகளையோ வைத்து ஆராய்ந்தால் உடனே நெஞ்சம் கொதிக்கும், நிதானம் போய்விடும். ஆகவே நமக்கு எவ்வித உறவும் பகையும் இல்லாத ஓர் எளிய பொருளை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தோன்றி, அந்நாட்டிலேயே முதலாவதாகச் சாம்பியன் பட்டம் பெற்று, பின்னர்க் கடைசிப் படிக்கட்டு வரை இறங்கிய ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாறு அது. விளையாட்டுத்தானே என்று வாசகர்கள் எண்ண வேண்டா. மனிதர் தம்மை மறந்து ‘நாங்கள்’ என்று சொல்லும் இடங்களில் விளையாட்டு மைதானமும் ஒன்று.

முதல் பட்டம்

1900ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், லைப்சிக் நகரின் ‘மரீன்கார்டன்’ என்னும் உணவு விடுதியில் 86 சங்கங்களின் சார்பில் கூடியவர்கள் ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனத்தைத் தோற்றுவித்தனர். அச்சம்மேளனத்தின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஃபெர்டினாண்ட் ஹியூப்பே என்னும் மருத்துவப் பேராசிரியர். அவர் பிராக் நகரின் ஜெர்மன் மொழியாளர் நடத்திவந்த டி.எஃப்.சி. பிராக் என்னும் கழகத்தைச் சேர்ந்தவர்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1903 மே 31ஆம் நாள், அந்தப் பிராக் கழகமும் லைப்சிக்கின் வி.எஃப்.பி. கழகமும் ஜெர்மனியின் முதல் சாம்பியன் பட்டத்துக்காக மோதின. இடம், இன்று ஹாம்பர்க் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட ஆல்டோனா. பிராக் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்த கதையே விசித்திரமானது. அதை எதிர்த்து ஆட வேண்டிய கார்ல்ஸ்ரூ அணிக்கு, ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டதாக ஒரு பொய்த் தந்தி போயிற்று. அதை நம்பி அவர்கள் பயணப்படாமல் இருந்துவிட, வராதவர்கள் என்று விலக்கப்பட்டனர். தந்தியை அனுப்பியவர் யாரென்பது வெளிப்படவில்லை. இறுதி ஆட்டத்தன்று ஆடத்தக்க பந்து கிடைக்காமையால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கிற்று. லைப்சிக் அணி 7-2 என்ற கணக்கில் வென்றது. 1906இலும் 1913இலும் அதே கழகம் மீண்டும் நாட்டின் சாம்பியனாயிற்று. முதல் உலகப் போருக்கு முன்னர் ஜெர்மனியில் கால்பந்து என்றாலே லைப்சிக் என்னும் நிலை இருந்தது.

போருக்குப் பின் 1922இல், நகரின் தென்கிழக்கே புரோப்ஸ்டைடா என்னும் பகுதியில் அக்கழகம் தனக்கென ஒரு மைதானம் அமைத்துக்கொண்டது. 1813இல் நெப்போலியன் தோற்ற மாபெரும் போரின் களங்களுள் அப்பகுதியும் ஒன்று. அப்போரின் நினைவாக 1913இல் திறக்கப்பட்ட கல் கோபுரம் மைதானத்துக்கு அண்மையிலேயே நிற்கிறது.

இதுவரை சொன்னது சொத்து. இனிக் கடனைக் காண்போம்.

இருண்ட ஆண்டுகள்

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். நாடெங்கும் விளையாட்டுச் சங்கங்கள் தம் யூத உறுப்பினர்களை வெளியேற்றின. பல சங்கங்கள் சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நேற்றுவரை ஒரே சட்டை அணிந்து ஒரே பந்தைத் துரத்தியவர்கள், மறுநாள் காலையில் அந்நியராயினர். அந்த ஆட்சியில் விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஹான்ஸ் ஃபோன் சாம்மர் உண்ட் ஓஸ்டன். அவர் பெயரால் ஒரு கோப்பைப் போட்டி ஏற்படுத்தப்பட்டது. 1936ஆம் ஆண்டுக்கான அக்கோப்பையை வென்றது வி.எஃப்.பி. லைப்சிக். பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் 1937 ஜனவரி 3ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் அன்றைய பெரும் அணியான ஷால்கேயை 2-1 என்று அது வீழ்த்தியது.

ஆட்டம் நேர்மையான ஆட்டமே. பந்தை உதைத்த கால்களின் திறமை உண்மையான திறமையே. ஆனால் அந்தக் கோப்பையின் பெயரும் அது வழங்கப்பட்ட காலமும் அதனோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

1903இல் எதிரே நின்று ஆடிய பிராக் கழகம் என்னவாயிற்று? அதன் உறுப்பினர்களுள் யூதர்கள் மிகப் பலர். 1939இல் ஜெர்மன் படைகள் பிராக் நகரைப் பிடித்த பின்னர் அந்தக் கழகம் ஒழிக்கப்பட்டது. ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனத்துக்கு முதல் தலைவரைத் தந்த கழகத்தை, ஜெர்மனியின் ஆட்சியே இல்லாமலாக்கியது.

பெயர்கள் மாறிய காலம்

போர் முடிந்தபின் லைப்சிக் நகரம் சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் வந்தது. பழைய சங்கங்கள் அனைத்தும் கலைக்கப்பட்டன. வி.எஃப்.பி. என்ற பெயரும் சட்டத்தின் கண்முன் மறைந்தது. எனினும் அதே புரோப்ஸ்டைடா மைதானத்தில் ஆட்டம் நிற்கவில்லை. முதலில் ஊர்ப் பெயராலும், பின்னர் ஓர் அரசியல் தலைவரின் பெயராலும், அதன்பின் தொழிலகங்களின் அமைப்புகளைக் குறிக்கும் பெயர்களாலும் அணிகள் மாறி மாறி வந்தன.

1963இல் ஒரு விநோதம் நிகழ்ந்தது. லைப்சிக் நகரின் சிறந்த ஆட்டக்காரர்களையெல்லாம் ஒரே கழகத்தில் திரட்டுவதென்று அதிகாரிகள் முடிவு செய்தனர். அவ்வாறு பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் எஸ்.சி. லைப்சிக் என்னும் கழகத்துக்குச் சென்றனர். ‘தேறாதவர்கள்’ என்று ஒதுக்கப்பட்ட மற்றவர்கள் கெமீ லைப்சிக் என்னும் அணிக்கு அனுப்பப்பட்டனர். அடுத்த ஆண்டு, 1964இல், கிழக்கு ஜெர்மனியின் சாம்பியன் பட்டத்தை வென்றது அந்த ஒதுக்கப்பட்டவர்களின் அணி. தராசு பிடிப்பவர்கள் தங்கள் தராசையே எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நாளும் வரும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. நாம் வரலாறு சொல்லிவரும் கழகம் அன்று சலுகை பெற்ற பக்கத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

1966 ஜனவரியில் அந்தச் சலுகை பெற்ற பிரிவே ‘லோக்கமோட்டிவ் லைப்சிக்’ என்னும் தனிக் கழகமாயிற்று. அரசு ரயில்வேயின் ஆதரவில் இயங்கியமையால் ரயில் எஞ்சினின் பெயர். மக்கள் சுருக்கமாக ‘லோக்’ என்றழைத்தனர். 1976, 1981, 1986, 1987 ஆகிய நான்கு ஆண்டுகளில் கிழக்கு ஜெர்மனியின் கோப்பையை அது வென்றது. ஆனால் லீக் சாம்பியன் பட்டம் ஒருமுறையும் கைகூடவில்லை.

1987 ஏப்ரலில் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் போட்டியின் அரையிறுதியில் பிரான்சின் போர்டோ அணியை லோக் எதிர்கொண்டது. லைப்சிக்கின் மத்திய அரங்கம் நிரம்பி வழிந்தது. இரு ஆட்டங்களின் முடிவில் சமநிலை ஏற்பட்டுப் பெனால்டி உதைகளால் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. எதிரணியின் உதையைத் தடுத்துவிட்டு, வெற்றிக்குரிய உதையைத் தாமே அடித்தவர் லோக்கின் கோல் காவலர் ரெனே முல்லர். மே 13ஆம் நாள் ஏதென்சில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணியிடம் 0-1 என்று லோக் தோற்றது. கோலை அடித்தவர் மார்கோ வான் பாஸ்டன்.

ஏறுமுகமும் இறங்குமுகமும்

ஜெர்மனி ஒன்றுபட்ட பின்னர், 1991இல், கழகம் ‘லோக்’ என்ற பெயரைக் கைவிட்டு, வி.எஃப்.பி. லைப்சிக் என்னும் பழைய பெயரை மீண்டும் சூடிக்கொண்டது. பழம்பெருமை புதிய காலத்தில் சோறு போடும் என்று எண்ணினர் போலும். 1993இல் நாட்டின் முதல் பிரிவான புண்டஸ்லீகாவுக்கு உயரவும் செய்தது. ஆனால் அந்த ஒரே பருவத்தின் 34 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்று கடைசி இடத்தில் முடித்தது. பின்னர் வந்தவை இறக்கமும் கடனும். இருமுறை திவாலாகி, 2004இல் அந்தக் கழகத்தின் கதை முடிந்தது.

முடியுமுன்னரே, 2003 டிசம்பரில், ரசிகர்கள் சிலர் கூடி ‘லோக்கமோட்டிவ் லைப்சிக்’ என்ற பெயரில் ஒரு புதிய சங்கத்தைப் பதிவு செய்திருந்தனர். புதிய சங்கம் ஆகையால் அதற்கு எந்த உரிமையும் இல்லை. ஜெர்மன் கால்பந்தின் அடிப்படியான பதினோராம் நிலையிலிருந்து அது தொடங்க வேண்டும். கிராமத்து அணிகளும் பொழுதுபோக்குக்கு ஆடுவோரும் இருக்கும் நிலை அது. 2004 அக்டோபர் 9ஆம் நாள், குரோஸ்டாய்பன் என்னும் சிற்றூரின் இரண்டாம் அணிக்கு எதிராக மத்திய அரங்கில் லோக் ஆடியபோது, அதைக் காண வந்தவர்கள் 12,421 பேர். உலகில் வேறெங்கும் இத்துணைத் தாழ்ந்த நிலையில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு இத்துணைக் கூட்டம் கூடியதாகப் பதிவில்லை.

2005இல் டோர்காவ் நகரத்துக் கழகமொன்றோடு செய்துகொண்ட இணைப்பினால் சில படிகளைத் தாண்டவும் முடிந்தது. எஞ்சிய படிகளை ஆடியே ஏறி, 2012இல் நான்காம் நிலையை அடைந்தது. 2014இல் இறங்கி, 2016இல் மீண்டும் ஏறியது. 2020இலும் 2025இலும் தன் வட்டாரத்தில் முதலிடம் பெற்றும், மூன்றாம் நிலைக்கு உயர்வதற்கான தகுதி ஆட்டங்களில், முன்னதில் ஃபெர்ல் அணியிடமும் பின்னதில் ஹாவெல்ஸே அணியிடமும் வாய்ப்பை இழந்தது. இதற்கிடையே, திவாலான பழைய வி.எஃப்.பி. சங்கத்தைத் தன்னோடு சட்டப்படி இணைத்துக்கொண்டு, 1903ஆம் ஆண்டின் பட்டத்துக்கும் தானே வாரிசு என்று நிலைநாட்டிக்கொண்டது.

எது மாறாமல் நின்றது?

இப்போது நம் வினாவுக்கு வருவோம். 1903இல் வென்ற கழகமும் 2004இல் அடிப்படியில் ஆடிய கழகமும் ஒன்றுதானா?

பெயரினால் ஒன்று எனின், பெயர் பலமுறை மாறிவிட்டது. சட்டப் பதிவினால் ஒன்று எனின், அத்தொடர்ச்சி போருக்குப் பின் ஒருமுறையும் 2004இல் இன்னொரு முறையும் அறுந்தது. பிறகு போடப்பட்ட முடிச்சு அறுந்த கயிற்றில் போட்ட முடிச்சே. ஆட்டக்காரர்களால் ஒன்று எனின், பத்தாண்டுக்கு ஒருமுறை அவர்கள் அனைவருமே மாறிவிடுகின்றனர். மைதானத்தால் ஒன்று எனின், 1903இல் அந்த மைதானமே இல்லை.

அப்படியாயின் எஞ்சுவது ஒன்றே: பின்னால் வந்தவர்கள் ‘அது எங்களுடையது’ என்று சொல்லி ஏற்றுக்கொண்டமை. அந்த 12,421 பேரும் சாளரம் சாளரமாகப் பத்திரங்களைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அல்லர். தகப்பன் கையைப் பிடித்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்து வந்தவர்கள். அவர்கள் வந்ததனாலேயே அது பழைய கழகமாயிற்று. ஒரு கூட்டத்தின் தொடர்ச்சி, இரத்தத்திலோ பத்திரத்திலோ இல்லை, ஏற்பில் இருக்கிறது. இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ‘அஸபிய்யத்’ என்று பெயரிட்டு ஆராய்ந்த குழுப்பற்றும் இத்தகையதே. வம்சாவளி அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் அதைத் தாங்கி நிற்பது சேர்ந்து வாழ்ந்ததும் ஒருவருக்கொருவர் துணை நின்றதுமே என்பது அப்பேரறிஞர் கண்ட உண்மை.

ஏற்பினால்தான் தொடர்ச்சி என்றால், அதிலிருந்து ஒரு முடிவு தவிர்க்க முடியாமல் பிறக்கிறது. பிறப்பினால் வருவதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை; ஆகவே அதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லோம் என்று வாதாடலாம். ஏற்பு என்பதோ நாமே செய்யும் செயல். 1903ஐ ஏற்றவர், அதே கையால் 1936ஐயும் ஏற்றவராகிறார். இரண்டும் ஒரே பெட்டகத்தில் இருக்கின்றன.

குற்றம் வேறு, கடன் வேறு

“1980இல் பிறந்தவன் 1936க்கு எவ்வாறு பொறுப்பாவான்?” என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானது. தகப்பன் செய்த குற்றத்துக்கு மகனைத் தண்டிப்பது நீதியாகாது. குற்றம் செய்தவனோடு போய்விடுவது. அதை யாரும் மரபுரிமையாகப் பெற முடியாது.

ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. தகப்பன் பிறர் நிலத்தை அபகரித்திருந்தால், மகன் திருடன் அல்லன். அந்த நிலத்தில் விளைந்த நெல்லை அவன் உண்ணத் தொடங்கிய நாள் முதல், நிலத்துக்குரியவனுக்கு அவன் கடன்பட்டவனாகிறான். மகன் ஏழையாய்ப் பிழைக்க வேறூர் சென்று, அந்த நிலத்தைத் தொடாமலேயே வாழ்ந்தால் அவனை யாரும் கேட்பதில்லை.

லைப்சிக் நகரிலேயே இதற்கு ஓர் ஒப்புமை கிடைக்கிறது. 2009இல் அந்நகரின் அருகிலுள்ள மார்க்ரான்ஷ்டெட் கழகத்தின் ஆட்ட உரிமையை ஒரு பான நிறுவனத்தின் ஆதரவில் பெற்று ஆர்.பி. லைப்சிக் என்னும் புதிய கழகம் தோன்றியது. ஏழே ஆண்டுகளில், 2016இல், அது புண்டஸ்லீகாவை அடைந்தது. வேரில்லாத கழகம், பணத்தால் வளர்ந்த கழகம் என்று அதை ஏசுவோர் ஜெர்மனியில் ஏராளம். அந்த ஏச்சில் நியாயம் இருக்கலாம். எனினும் அது 1903ஐக் கோரவில்லை. ஆகவே 1936ஐ அதனிடம் யாரும் கேட்க முடியாது. பழம்பெருமை உடையோம் என்று அதனைப் பார்த்து மார்தட்டும் லோக் ரசிகர், அப்பழம்பெருமைக்கு உரிய விலையையும் கொடுக்கத்தான் வேண்டும்.

அந்த விலை யாது? பணமன்று. மறைக்காமல் சொல்லுதல் முதலாவது. வெற்றிகளின் பட்டியலில் 1936ஐ எழுதும்போது, அந்தக் கோப்பை யார் பெயரால், எந்த ஆட்சியில் வழங்கப்பட்டது என்பதையும் எழுதுதல். 1903இல் 7-2 என்று பெருமையுடன் சொல்லும்போது, அந்த இரண்டு கோல்களை அடித்தவர்களின் கழகம் பின்னர் எவ்வாறு அழிக்கப்பட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல். வென்றவரின் வாரிசுகளிடம்தான் தோற்றவரின் நினைவு அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அமானிதத்தை மறந்துவிட்டுச் சொத்தை மட்டும் வைத்துக்கொள்வது முறையாகாது.

‘நாம்’ என்றும் ‘அவர்கள்’ என்றும்

பழைய கடன் இத்தகையதெனின், புதிதாக ஏறும் கடனும் உண்டு. 2006இல் இளையோர் அணிகளின் ஆட்டமொன்றில், லோக்கின் பார்வையாளர் சிலர் நாஜிகளின் ஸ்வஸ்திகா வடிவில் வரிசையாக நின்று காட்டினர். 2007 பிப்ரவரி 10ஆம் நாள், புரோப்ஸ்டைடா மைதானத்தில் கோப்பை ஆட்டம் முடிந்தபின், சுமார் 800 பேர் காவலர்களைத் தாக்கினர். காவலர் 30 பேருக்கு மேல் காயமுற்றனர். அடுத்த வாரம் சாக்சனி மாநிலத்தின் கால்பந்து ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. 

இத்தகைய நேரங்களில் எல்லாக் கூட்டங்களும் சொல்லும் சொல் ஒன்றுண்டு: “அவர்கள் உண்மையில் நம்மவர் அல்லர்.” தமிழ் மொழிக்கு இங்கே ஒரு கூர்மை இருக்கிறது. கேட்பவரையும் உட்படுத்தி ‘நாம்’ என்போம். அவரை விலக்கி ‘நாங்கள்’ என்போம். வென்ற நாளில் வீதியில் போகிற எவரையும் அணைத்து ‘நாம் வென்றோம்’ என்கிறவர், கலவரம் நடந்த நாளில் ‘நாங்கள் அதில் இல்லை’ என்று வட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறார். வட்டத்தை விரிப்பதும் சுருக்குவதும் வசதியைப் பொறுத்ததாயின், அந்த வட்டத்துக்குப் பெயர் பற்று அன்று, ஆதாயம்.

கல்லெறிந்தவர்கள் நல்லவர்கள் என்று இதற்குப் பொருளன்று. தவறிழைத்த மகனை ‘என் மகன் அல்லன்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டால், அவனைத் திருத்தும் பொறுப்பும் கதவுக்கு வெளியே போய்விடுகிறது. ‘என் மகன்தான், அவன் செய்தது தவறுதான்’ என்று சொல்லும் தகப்பனே அவன் கையைப் பிடிக்க முடியும். அதே மைதானத்தில், அதே சட்டை அணிந்து, அப்பாதகத்துக்கு எதிராக வாய்திறந்து பேசும் ரசிகரே அக்கழகத்தின் உண்மையான வாரிசு.

மனக்குறையும் ஒரு சொத்தா?

பெருமையையும் பழியையும் போலவே, மனக்குறையும் தலைமுறை தலைமுறையாக இறங்கிவருகிறது. சில குடும்பங்களில் நிலம் போய்விட்டாலும் வழக்கு மட்டும் எஞ்சியிருக்கும்.

லோக் கழகத்துக்கும் அப்படியொரு வழக்கு உண்டு. 1986 மார்ச் 22ஆம் நாள் லைப்சிக்கில் பெர்லினின் பி.எஃப்.சி. டைனமோவை எதிர்த்து லோக் ஆடியது. டைனமோ, உளவுத்துறைத் தலைவர் எரிக் மீல்கேயின் அரவணைப்பில் இருந்த அணி. 1979 முதல் 1988 வரை பத்தாண்டுகள் தொடர்ந்து சாம்பியனாக வந்தது. நடுவர்கள் அதற்குச் சாதகமாக ஊதுகிறார்கள் என்னும் சினம் நாடெங்கும் இருந்தது. அன்று லோக் 1-0 என முன்னிலையில் இருக்க, உரிய நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவர் டைனமோவுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். ஆட்டம் 1-1 என முடிந்தது. அந்தப் பருவத்தில் லோக் இரண்டாம் இடமே பெற்றது. எழுந்த கண்டனத்தின் விளைவாக நடுவர் விலக்கப்பட்டார். ‘வெட்கக்கேடான பெனால்டி’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

ஆண்டுகள் கழிந்து, 2000இல், வேறொரு கோணத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்த படம் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. லோக்கின் ஆட்டக்காரர் எதிராளியைத் தள்ளியது அதில் தெரிந்தது. அந்த ஒரு பெனால்டியைப் பொறுத்தவரை நடுவர் தவறிழைக்கவில்லை.

டைனமோவுக்குச் சலுகைகள் கிடைத்தன என்னும் பொதுவான குற்றச்சாட்டு இதனால் பொய்யாகிவிடவில்லை. அது தனி வழக்கு. ஆனால் பொதுவான அநீதி உண்மை என்பதற்காக, குறிப்பிட்ட ஒரு மனிதர்மீது சுமத்தப்பட்ட பழியும் உண்மையாகிவிடுமா? ஆகாது. அநீதி இழைக்கப்பட்டவர்கள் தாமும் ஒருவருக்கு அநீதி இழைக்க முடியும் என்பதே இந்நிகழ்ச்சி கற்பிக்கும் கசப்பான பாடம். மனக்குறையை வாரிசாகப் பெற்றவர், அதன் கணக்கையும் திறந்து பார்க்கக் கடமைப்பட்டவர். எவருடைய பெயர் வீணாகக் கெட்டதோ, அவருக்கு அந்தப் பெயரைத் திருப்பித் தருவதும் கடனடைப்பே.

அடிப்படியில் நின்றவர்கள்

இவ்வளவும் சொன்னபின், 2004இல் அக்கழகத்தார் செய்த நன்மையைச் சொல்லாமல் விட்டால் அது நீதியாகாது. கழகம் திவாலானபோது அவர்கள் தம் அன்பை வேறு அணிக்கு மாற்றிக்கொள்ளவில்லை. முதல் பிரிவில் ஆடிய நினைவைக் காட்டிச் சலுகை கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. மேடையின் அடிப்படியில் நின்று, சிற்றூரின் இரண்டாம் அணியை எதிர்த்து ஆடச் சம்மதித்தனர். இடையில் ஓர் இணைப்பினால் சில படிகளைத் தாண்டினர் என்பது உண்மை. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆயினும் பெயரின் விலையை உழைப்பால் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் ஓரளவு உணர்ந்திருந்தனர். பட்டத்தோடு பட்டினியையும் ஏற்ற வாரிசுகள் அவர்கள்.

நாமும் எத்தனையோ பெயர்களுக்கு வாரிசுகளாக இருக்கிறோம். வீட்டுப் பெயர், ஊர்ப் பெயர், படித்த கல்விக்கூடத்தின் பெயர், முன்னோர் கட்டிய சங்கத்தின் பெயர். நம் பிள்ளைகளை அமர்த்தி முன்னோரின் பெருமைகளைச் சொல்கிறோம், அது நல்லதே. அந்தக் கதையில் யாருக்கேனும் அநீதி நேர்ந்திருந்தால், அவர்களுடைய பக்கத்தையும் அன்றே சொல்லிவிட வேண்டும். பாகப்பிரிவினையில் நாம் கடைப்பிடிக்கும் வரிசை நினைவுகளுக்கும் பொருந்தும். முதலில் கடனை எடுத்து வைப்போம். எஞ்சிய பெருமை சிறிதாக இருந்தாலும், அது முழுவதும் நமக்கே உரியதாக இருக்கும்.